அக்காவும் ஆடும் பன்னிரண்டு மணியும்

பட்டம் கையில் கிடைத்த முதல் மூன்று மாதத்தில் எங்கள் ஒழுங்கையில் நான் ஆராயாத ஆட்கள் குறைவு. உளவியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவளுக்கு வேறு என்ன பொழுது? அம்மா அரிசி வாளியை அரைவாசிக்குக் கீழே இறங்கவே விடாததற்கு ஒரு காரணம் சொன்னேன். அக்காவைக் கட்டிய அத்தான் கட்டாரிலிருந்து வீடியோவில் கதைக்கும்போது எப்போதும் கதவைப் பார்த்தபடி உட்கார்வதற்கு ஒரு காரணம் சொன்னேன். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் பக்கத்து வீட்டு நாய் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிவதற்கும் காரணம் சொன்னேன், அந்த வீட்டுக்காரர் கேட்காமலே. கடைசியில் அன்புவழிபுரத்தில் என் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினாலே, “மூளை டொக்டர் வாறா, எல்லாரும் தலையை உள்ளுக்கு எடுங்கோ” என்று அம்மா குரல் கொடுக்கும் நிலை வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அமிக்டலா. மூளையின் ஆழத்தில், பாதாம் பருப்பளவில் இருக்கிறது. ஆபத்து என்று மணி அடிப்பது அதன் வேலைகளில் ஒன்று. சின்ன வயதில் பெரிய பயத்துக்குப் பழகிப்போன மணி, ஆள் வளர்ந்த பிறகும் சின்னச் சத்தத்துக்கே அடித்துவிடக் கூடும். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதிதான் ‘பொறு, என்னவென்று பார்ப்போம்’ என்று அதை அடக்க வேண்டும். அது செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவதற்குள் மணி ஊரையே எழுப்பிவிடும். நெஞ்சு அடிக்கும், கை விறைக்கும், வயிறு கலங்கும். இதையெல்லாம் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது குசினி வாசலில் நின்று விளக்கினேன்.

“அப்ப அந்தப் பருப்பைக் கழட்டி வைச்சாச் சரிதானே” என்றார் அம்மா.

“கழட்ட ஏலாது அம்மா. பழக்கலாம்.”

“உன்னைப் பழக்கவே எனக்கு இருபத்தி நாலு வருசம் காணேல்லை. இனிப் பருப்பைப் பழக்கப் போறியோ.”

அக்காவில் மட்டும் நான் கை வைக்கவில்லை. என்னைவிட நாலரை வயது மூத்தவள். நான் குழப்புவதையெல்லாம் ஒழுங்குபடுத்துகிறவள். அவளுக்கு என்ன ஆராய்ச்சி? அதோடு, அவளுக்குச் சின்ன வயதில் நடந்த பெரிய விஷயம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பகிடியாக இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணி ஆறுவதற்குள் அம்மா அதைச் சொல்லிவிடுவார்.

சண்டை நெருங்கி, எங்கள் ஊரான சம்பூரை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட வருடம் அது. அப்பா அப்போது சவூதியில். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு, தோளில் ஒரு பையுடன் நடக்க, பின்னால் ஒன்பது வயது அக்கா. வழியில் ஓர் ஆறு. பாலம் கிடையாது. ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்குக் கொண்டுபோக ஒரு மிதவைதான். எங்கள் பக்கத்தில் அதற்குப் ‘பாதை’ என்று பெயர். சனம் நெருக்கித் தள்ளியதில் அம்மாவும் நானும் ஏறிவிட்டோம். அக்காவுக்கு முன்னால் கயிற்றைக் கட்டிவிட்டார்கள். “இதில நில் பிள்ளை, அசையாதை, அம்மா வாறன்” என்று அம்மா கத்தக் கத்தப் பாதை நகர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் அம்மா ஒரு மிடறு தேத்தண்ணி குடிப்பார். பிறகு முகம் மலரும்.

“திரும்பி வந்து பாத்தால், இவள் நிண்ட இடத்திலயே நிக்கிறாள். கையில ஒரு கயிறு. கயிற்றில ஒரு ஆடு. ஆரோ ஒரு மனுசன் பிடிச்சுக்கொண்டு நில் எண்டு குடுத்திட்டுப் போனவராம். விடமாட்டன் எண்டு நிக்கிறாள். ஒரு பிள்ளையை விட்டிட்டுப் போன எனக்கு ஒரு பிள்ளையும் ஒரு ஆடும். இடம்பெயர்ந்ததில லாபம் கண்டது நாங்கள்தான்.”

“எவ்வளவு நேரம் நிண்டவள்?” என்று வந்தவர்கள் கேட்பார்கள்.

“அது ஒரு அரை மணித்தியாலம் இருக்கும்.”

எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். முகாமில் அந்த ஆட்டின் பாலைக் குடித்துத்தான் நான் கொழுத்தேன் என்பதையும் அக்காவே சேர்த்துச் சொல்லுவாள். ‘ஆட்டுக்காரி’ என்று நான் அவளைக் கூப்பிடாத நாள் குறைவு. எனக்கோ அந்த ஆறும் நினைவில்லை, ஆடும் நினைவில்லை. நாலரை வயது மூளை எதை வைத்துக்கொள்ளும், எதை விட்டுவிடும் என்று விளக்க நான் தயாராக இருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை.

இப்படி இருக்கும்போது அக்காவுக்கு நிலாவெளியில் ஒரு ஹொட்டேலில் வேலை கிடைத்தது. வரவேற்பு மேசையில், காலை எட்டரை முதல் பின்னேரம் நாலரை வரை. கலியாணத்துக்கு முன்பு அவள் செய்த வேலைதான். மகளுக்கு நாலு வயதாகட்டும் என்று காத்திருந்து, இரண்டு தரம் நேர்முகத்துக்குப் போய், புதுச் சாரி இரண்டு எடுத்து, பஸ் நேரமெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தாள். அவள் வேறு எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒரேயொரு சிக்கல். மகளை எங்கள் தெருமுனை முன்பள்ளியில் காலையில் விடலாம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு யார் கூட்டிக்கொண்டு வருவது?

“அம்மா இருக்கிறாதானே” என்றேன்.

“நீ போ” என்றாள் அக்கா.

“நான் ஒரு நாளாவது நேரத்துக்குப் போயிருக்கிறனா? அம்மாவெண்டால் அஞ்சு நிமிசம் முந்தியே போய் நிப்பா.”

“நீ பிந்திப் போனாலும் பரவாயில்லை. நீயே போ.”

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். “நான் என்ன, பிள்ளையைக் கொண்டுபோய்க் கடையில விக்கவோ போறன்?” என்று சட்டிகளுடன் கதைத்தார். அன்று முழுக்கச் சட்டிகளுக்குச் சத்தம் கூடுதலாக இருந்தது.

எனக்கும் கிண்ணியாவில் ஒரு தற்காலிக வேலை சரிவந்திருந்தது. அதுவும் அக்காவின் வேலை தொடங்கிச் சில நாட்களில் தொடங்கும். ஆகவே கணக்குச் சிம்பிள். மகளை அம்மாவின் கையில் விட அக்காவால் முடிந்தால் வேலை, முடியாவிட்டால் வேலை இல்லை. இதுவரை புத்தகத்தில் மட்டும் பார்த்த சங்கதி வீட்டுக்குள்ளேயே வந்ததில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசப் புழுகம்.

நான்கு நிறத்தில் ஓர் அட்டவணை போட்டேன். பயத்தைப் படிப்படியாகப் பழக்குவது. முதல் நாள் அம்மாவும் அக்காவும் சேர்ந்து போய்ப் பிள்ளையைக் கூட்டிவருவது. இரண்டாம் நாள் அம்மா முன்னால், அக்கா பத்து அடி பின்னால். மூன்றாம் நாள் அக்கா எதிர்க்கடையில். நாலாம் நாள் அக்கா வீட்டில். அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“இதில எனக்கு என்ன நிறம்?”

“பச்சை.”

“அப்ப நான் பாதுகாப்பான ஆள்” என்று அக்காவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

முதல் இரண்டு நாளும் நன்றாகப் போயின. மூன்றாம் நாள் அக்கா கடைக்குள் நிற்காமல் ஓர் ஓட்டோவின் பின்னால் குந்தியிருந்தாள். மகள் வாசலுக்கு வந்ததுமே கண்டுவிட்டு, “அம்மா, ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறீங்களோ? கால் தெரியுது” என்று கத்தினாள். ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் ஓட்டோப் பக்கம் பார்க்காமல், பிள்ளையின் தண்ணீர்ப் போத்தலை வாங்கிக்கொண்டு நடந்தார்.

நாலாம் நாள் அம்மா நாலு நிமிடம் பிந்தினார். சைக்கிளில் சூடை மீன் கொண்டுவந்தவர் மறித்துவிட்டாராம். நாலே நிமிடம். முன்பள்ளியில் பிள்ளை ஊஞ்சலில் இருந்து ஆடிக்கொண்டிருந்தாள்; இன்னும் நாலு நிமிடம் கிடைத்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பாள். ஆனால் வீட்டில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, பன்னிரண்டு அடித்து இரண்டு நிமிடத்துக்கு மேல் பொறுக்க முடியாமல் வெளியே ஓடினாள். ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் என் செருப்பு. நான் பின்னால் ஓடிப்போனபோது மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்பள்ளி வாசல் படலையடியில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு எடுக்க முடியவில்லை. கைவிரல்கள் மடங்கிப்போய் விறைத்திருந்தன. அம்மா மீன் பையோடு தெருவின் நடுவில் நின்றார்.

பிள்ளையை அம்மாவிடம் விடவேண்டாம் என்று அக்கா தலையாட்டியதால் பிள்ளையும் எங்களோடு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அம்மா தனியாக வீட்டுக்கு நடந்தார்.

ஈ.சீ.ஜி. எடுத்தார்கள். நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்றார் டொக்டர். பயத்தில் வருகிற மூச்சடைப்பு, மனநலக் கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தருகிறேன், கட்டாயம் போங்கள் என்றார். துண்டுக்காக வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். மதிலோரம், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரிகிற மான்களில் இரண்டு வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தன. மகள் அவற்றுக்குப் பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தாள். நான் அமிக்டலாவைத் தொடங்கினேன்.

“அக்கா, இது உங்கட பிழை இல்லை. மூளைக்குள்ள ஒரு பாதாம் பருப்பு அளவில…”

“அந்தப் பருப்பைப் பற்றி இன்னொருக்காச் சொன்னாய் எண்டால், இந்த மானுக்கு உன்னைத் தீனாப் போடுவன்.”

நான் வாயை மூடினேன். அது நடப்பது அரிது என்பதால் அக்காவே கதைக்கத் தொடங்கினாள்.

“அரை மணித்தியாலம் இல்லையடி.”

“என்ன?”

“நான் ஆத்தங்கரையில நிண்டது. மத்தியானம் ஏறின நீங்கள். அதுக்குப் பிறகு பாதை ஓடேல்லை, ஷெல் சத்தம் கூடிப்போச்சு. அடுத்த நாள் மத்தியானம்தான் அம்மா வந்தவ.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப ஆடு?”

“அந்த மனுசன் வந்து எடுக்கிறன் எண்டு தந்தவர். எல்லாரும் என்னைத் தங்களோட வா எண்டு கூப்பிட்டவை. நான் போகேல்லை. ஏனெண்டு கேள். ஆட்டைத் தேடி ஆள் எப்படியும் வரும். என்னைத் தேடி ஆரும் வராட்டிலும் ஆட்டைத் தேடி வருந்தானே. அப்ப அந்த ஆளோட போகலாம் எண்டு நினைச்சன்.”

“அவர் வந்தவரோ?” என்று கேட்டேன்.

“இல்லை. அம்மாதான் வந்தவ.”

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய வேகம் திரும்பிவிட்டது. “அதுதானே அக்கா. அம்மா வந்தவ. சொன்னபடி வந்தவ. உங்கட மூளை அதையெல்லோ பதிஞ்சு வைச்சிருக்க வேணும்?”

“அதை நீ உன்ர பருப்பிட்டச் சொல்லு” என்றாள் அக்கா. “எனக்கெல்லாம் தெரியும். அம்மாவில எனக்குக் கோபமும் இல்லை. பன்னிரண்டு மணியாகி, அம்மா வரவேண்டிய இடத்தில அம்மா இல்லையெண்டால், நான் ஒன்பது வயசுப் பிள்ளை. அவ்வளவுதான்.”

கிளினிக்குக்கு அந்தக் கிழமையே போனாள். அங்கே இருந்த பெண் டொக்டர், நான் மூன்று மாதமாகச் சொன்னதையே பத்து நிமிடத்தில் சொன்னாராம். மூளை சின்ன வயதில் பழகியது போலப் பெரிய வயதிலும் புதிதாகப் பழகும், நேரம் எடுக்கும், ஒரேயடியாக மாறாது, அவசரப்படவும் வேண்டாம், வந்துபோய்க்கொண்டிருங்கள் என்று. மூச்சை மெதுவாக விடவும் சொல்லிக் கொடுத்தார். அக்கா அதையெல்லாம் நம்பினாள். “நானும் இதைத்தானே சொன்னனான்” என்றேன். “நீ சொல்லேக்க மூச்சு விட இடம் தந்தனியே?” என்றாள்.

இதற்கிடையில் ஹொட்டேலில் இருந்து அழைப்பு வந்தது. சொன்னபடி திங்கட்கிழமை தொடங்கவேண்டும்; வராவிட்டால் வேறு ஆளைப் போடவேண்டி வரும். அக்கா சாரி இரண்டையும் அலுமாரியிலிருந்து எடுத்து மடித்துத் திரும்பவும் வைத்தாள்.

நான் அட்டவணையைக் கிழித்துவிட்டு அம்மாவிடம் போனேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எதையும் சுற்றி வளைத்துச் சொல்ல வராது.

“அம்மா, அது அரை மணித்தியாலம் இல்லையாம்.”

கத்தி நிற்கவில்லை. “எனக்குத் தெரியாதே?”

“பிறகு ஏன் எல்லாருக்கும் அப்படிச் சொல்லுறீங்கள்?”

“நீ சின்னனில ஒண்டும் அறியாய். முகாமில அவள் ஒரு மாதம் வாய் திறக்கேல்லை. என்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சபடிதான் நித்திரை. குழாயடிக்குத் தண்ணிக்குப் போகக்கூட விடமாட்டாள். ஒருநாள் பக்கத்துக் கொட்டில் மனுசிக்கு நான் ஆட்டுக் கதையைச் சொன்னன். அவள் சிரிச்சுப்போட்டாள். அதுதான் முதற் சிரிப்பு. அண்டைக்குத் தொடக்கம் ஆட்டைத்தான் சொல்லுறன். ஆட்டைச் சொல்லச் சிரிப்பாள், நேரத்தைச் சொல்ல அழுவாள். முதல் ஒரு நாள் எண்டு சொன்னன். பிறகு பின்னேரம் வரைக்கும் எண்டன். பிறகு குறைச்சுக் குறைச்சு அரை மணித்தியாலத்தில வந்து நிண்டிட்டுது.”

“அவ மறக்கேல்லை அம்மா.”

“நான் மறந்தனானோ? அக்கரையில நான் இருந்தனான் எண்டு நினைச்சியோ? அடுத்த நாள் முதல் பாதை வெளிக்கிடும் வரைக்கும் நான் தண்ணி ஓரத்தில நிண்டபடிதான். உன்னை ஆரோ பாத்தவை. நான் ஒரு நிமிசம் குந்தி இருக்கேல்லை.” மீன் செதில் அவர் கன்னத்தில் ஒட்டியிருந்தது. “அதை நான் அவளுக்குச் சொல்லேல்லை. சொல்லி என்ன, விட்டிட்டுப் போனது நான்தானே.”

இரகசியம் காப்பது உளவியல் படித்தவர்களின் முதல் கடமை. நான் நேரே அறைக்குப் போய் அக்காவிடம் ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடியும்வரை தலை நிமிரவில்லை. “இருக்கேல்லையாமோ” என்று மட்டும் கேட்டாள். “இல்லையாம்” என்றேன்.

ஞாயிறு பின்னேரம், “திங்களும் செவ்வாயும் நான் போறன் அக்கா, எனக்குப் புதன்தான் வேலை தொடங்குது” என்று நான் சொன்னபோது, “நீ வேண்டாம்” என்றாள். எழுந்து குசினிக்குப் போனாள். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் போங்கோ அம்மா.”

அம்மா தண்ணியை வடித்தார். “ஓம்” என்றார்.

நீண்ட விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போகிறவள் மாதிரி அக்கா திங்கள் காலை சாரி உடுத்து, மகளை முன்பள்ளியில் விட்டு, நிலாவெளி பஸ்ஸில் ஏறினாள். உப்புவெளி தாண்டும் முன்பே எனக்கு ஒரு தகவல் வந்தது: ‘மூச்சு சரி.’ சாம்பல்தீவில் இன்னொன்று: ‘சரியில்லை. ஆனா இறங்கேல்லை.’ பிறகு ஒன்றும் இல்லை.

பத்து மணி இருக்கும். அக்காவிடமிருந்து அழைப்பு. குரல் தணிந்திருந்தது; மேசையடியில் குனிந்து கதைக்கிறாள் போல.

“எடி, ரீச்சர் போன் எடுத்தவ. அம்மா அங்க நிக்கிறாவாம். உண்மையோ எண்டு போய்ப் பார்.”

தேடினேன், வீட்டில் அம்மா இல்லை. சந்தைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனைக்கு ஓடினேன். முன்பள்ளிப் படலைக்கு நேரே, நிழல் ஒரு துளியும் இல்லாத இடத்தில், அம்மா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை வெறுமையாக இருந்தது. ரீச்சர் என்னைக் கண்டதும் கையை விரித்தார்.

“ஒன்பதரைக்கே வந்திட்டா. உள்ளுக்கு வந்து இருங்கோ அன்ரி எண்டால் வரமாட்டா. கதிரை போட்டால் இருக்கமாட்டா. வீட்டில என்னவோ ஏதோ எண்டு பயந்துதான் மகளுக்குப் போன் எடுத்தனான்.”

“அம்மா, இன்னும் ரெண்டு மணித்தியாலம் இருக்கு” என்றேன்.

“தெரியும்.”

“இருங்கோவன்.”

“உனக்கு விளங்காது. போ.”

ஊஞ்சலில் இருந்த பிள்ளை படலைப் பக்கம் பார்த்துக் கையாட்டிவிட்டுத் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தாள். போன் இன்னும் என் கையில், அக்கா இன்னும் லைனில்.

“நிக்கிறாவோ?”

“நிக்கிறா.”

“எத்தினை மணியில இருந்து?”

“ஒன்பதரையாம்.”

“வெயிலிலயோ?”

“ஓம். இருக்கச் சொன்னாலும் இருக்கிறா இல்லை.”

அந்தப் பக்கம் யாரோ ஆங்கிலத்தில் அறைச் சாவி கேட்டார்கள். அக்கா அவர்களுக்கு மிக அழகாக, அவசரமில்லாமல் பதில் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“நாலு வருசம் படிச்சனி. அந்த மனுசிக்கு ஒரு குடை கொண்டுபோய்க் குடுக்கவேணும் எண்டு உன்ர மூளையில எந்தப் பருப்புக்கும் தோன்றேல்லையோ?”

நான் குடை எடுக்க வீட்டுக்கு ஓடினேன்.